கடலை அளவு

என் கணவர் இறந்த அன்று நான் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என்னைப் பற்றிப் பேச வாய் திறக்கிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் மட்டும் எதற்கு வேறு இடத்தில் தொடங்க வேண்டும்?

ஆனி மாதம். சிறுபோக வயலுக்குத் தண்ணீர் மாறவென்று விடியப் போனவர் வரம்பில் விழுந்து கிடந்தார். பக்கத்து வயல்காரர்கள் கண்டு, மோட்டார்ச்சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் இருத்தி ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைத் துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. சேறு இன்னும் காயவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் கழுவ வேண்டும் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் ஒன்றாக இருந்த மனிதரின் சாவில் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான். இரண்டாவது நினைப்பு என்று ஒன்று வரவில்லை.

செத்தவீட்டுக்கு வீடியோக்காரர் வந்தார். இப்போது வன்னியில் வீடியோக்காரர் இல்லாமல் செத்தவீடு நடப்பதில்லை. சகோதரங்களும் பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் போனில் நேரடியாகப் பார்க்க வேண்டும். என் கணவருக்கு ஒரேயொரு தங்கை. என்னைவிட ஏழு வயது இளையவள், சுவிஸில் இருக்கிறாள். நான் அவளை மச்சாள் என்பேன், அவளும் என்னை மச்சாள் என்பாள். அவளுடைய விசா அலுவல் அப்போது சரிவரவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் அண்ணனின் செத்தவீட்டை அங்கே ஓர் அறையில் தனியே இருந்து போனில் பார்த்தாள்.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு வரும் பெண்கள் இறந்தவரின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒருவர் விட்டதும் அடுத்தவர் பிடிப்பார். என் சட்டையின் இரண்டு தோள்களும் மற்றவர்களின் கண்ணீரில் நனைந்து போயின. வீடியோக்காரர் கமராவை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காத்துக்கொண்டு நின்றார். அவர் தன் வேலையைச் செய்தார், அவரில் பிழை இல்லை. நானும் காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. கமராவின் வயர் யாருடைய காலிலோ தடக்கப் போகிறது என்று கையால் அவருக்குக் காட்டினேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

நான் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன் என்று யாராவது நினைத்தால் அது பிழை. அடக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு நம்முடையது இல்லாதது போல இருக்குமே, அப்படி இருந்தது. அந்த ஊசியென்றால் பின்னேரத்துக்குள் இறங்கிவிடும். எனக்கு எட்டாம் நாள் எட்டுச்செலவு முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, பந்தல் கழற்றினார்கள், இரவல் கதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், இறங்கவில்லை.

சனம் சும்மா இருக்குமா? முன்வீட்டு அக்கா நல்லவர், ஆனால் வாயில் ஒன்றும் நிற்காது. ஊர் என்ன சொல்கிறது என்பதை ஊர் சொல்லி முடிப்பதற்கு முதல் எனக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

"பிள்ளை, சனம் உன்னைக் கல்லு எண்டு கதைக்குது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையாம். வெளிநாட்டில இருந்து பாத்த ஆக்களும் கேட்டவையாம், பெண்சாதிக்கு என்ன, மனுசனோட கோவமோ எண்டு."

"கோவம் ஒண்டும் இல்லை அக்கா."

"அப்ப அழன். ஆர் உன்னை மறிச்சது?"

வெளிநாட்டில் இருந்து பார்த்த ஆட்கள் என்றதும் எனக்கு மச்சாளின் நினைப்புத்தான் வந்தது. அவளும் கேட்டிருப்பாளா என்று யோசித்தேன். அவள் போனில் பேசும்போது அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களோ, மகள் என்ன செய்கிறாள், தண்ணீர் வந்ததோ, அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் சுவிஸில் இருந்து வந்த ஒருவரிடம் ஒரு பை கொடுத்துவிட்டிருந்தாள். என் மகளுக்கு இரண்டு சட்டை, சொக்கிளேற், கோப்பி. அடியில் மூன்று பெட்டிகள். ஒன்று முகத்துக்குப் பூசும் வெள்ளைக் கிரீம், ஒன்று வெயில் கிரீம், மற்றதற்குள் நீட்டாக இரண்டு ரியூப். அந்தப் பெட்டியின் ஒரு மூலை நசுங்கி, அட்டை பழுத்துப் போயிருந்தது. எழுதியிருந்தது முழுக்க டொச்சு, அவர்களுடைய ஜேர்மன் மொழி. எனக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. இரவே குரல்பதிவு வந்தது.

"மச்சாள், அது ரெற்றினோல் எண்டு சொல்லுறது. முகத்தில இருக்கிற கறுப்பு மங்கு எல்லாம் மெல்ல மெல்லப் போகும். பூசுங்கோ, என்ன?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பயத்தை விட்டால், அந்த ஏழு மாதத்தில் எனக்கு வந்த ஒரேயொரு உணர்ச்சி அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணன் போய் வருடம் முடிந்து ஆட்டத்திவசமும் ஆகவில்லை, அண்ணன் மனைவிக்கு முகக்கிரீமா? கமராவில் பார்த்த முகம் அவளுக்குப் பிடிக்கவில்லைப் போலும், அழத் தெரியாத முகத்தைத் திருத்திவிடலாம் என்று நினைத்தாளோ என்றெல்லாம் மனம் போனது. ரியூப்புகளைக் கொண்டுபோய் அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

மச்சாள் விடவில்லை. பூசினீங்களோ, பூசினீங்களோ என்று நாளுக்கு ஒரு குரல்பதிவு. நாளுக்கு ஒரு பொய் சொல்லும் அலுப்பில்தான் பூசத் தொடங்கினேன். அந்த வருடம் முழுவதும் நான் மற்றவர்கள் சொன்னதைத்தான் செய்தேன். ஐயர் இருக்கச் சொன்ன பக்கம் பார்த்து இருந்தேன், கிராம அலுவலர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். மச்சாள் முகத்தில் பூசச் சொன்னாள், பூசினேன்.

அவள் சொல்லித்தந்த முறையை இப்போதும் வரிசை பிசகாமல் சொல்வேன். முகத்தைக் கழுவ வேண்டும். துவாயால் ஒற்ற வேண்டும், உரஞ்சக்கூடாது. ஈரம் முழுதாகக் காயும் வரைக்கும் பார்த்திருக்க வேண்டும். பிறகு ரெற்றினோல். அதற்கு மேல் வெள்ளைக் கிரீம். கண்ணுக்குக் கிட்டவும் வாய் ஓரத்திலும் படக்கூடாது. அடுத்த நாள் வெயில் கிரீம் பூசாமல் முற்றத்துக்கும் இறங்கக்கூடாது. தேசிக்காய், மஞ்சள் ஒன்றும் கிட்டவும் வரக்கூடாது.

"கெதிப்படாதேங்கோ மச்சாள். தோல் பழகவேணும். முதல் கிழமையில ரெண்டு நாள்தான். ஒரு கடலை அளவு எடுங்கோ, முழு முகத்துக்கும் அதுதான், கூட எடுக்காதேங்கோ. எரிஞ்சா உடன எனக்குச் சொல்லவேணும். பழகினாப் பிறகு ஒண்டுவிட்ட ஒரு நாள் பூசலாம்."

கிழமையில் இரண்டு நாள் என்றால் எங்கள் வீட்டில் யோசிக்க என்ன இருக்கிறது? செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் மச்சம் காய்ச்ச மாட்டோம், மீன்சட்டி கழுவி வைத்தபடி இருக்கும், மறக்க வழியே இல்லை. அப்படித்தான் ரெற்றினோல் எங்கள் வீட்டில் ஒரு விரதம் போல வந்து சேர்ந்தது. பிறகு மச்சாள் ஒன்றுவிட்ட ஒரு நாள் பூசச் சொன்னபோதும் நான் மாறவில்லை. மீன் பொரித்த கையால் அதைத் தொட ஏனோ மனம் வரவில்லை.

அடுத்தது கடலை அளவு. கடலையில் எந்தக் கடலை? எங்களுக்குக் கடலை என்றால் ஊறப்போட்டு அவித்து, செத்தல்மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளிக்கும் கொண்டைக்கடலைதான். ஊறாததா, ஊறினதா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஊறாத கடலையைத் தின்கிறவர் யார்? குசினியில் ஊறிக்கிடந்த கடலையில் ஒன்றை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, அதன் அளவுக்குச் சரியாகப் பிதுக்கினேன். கொஞ்சம் கூடவோ என்று தோன்றியது. முழு முகத்துக்கும் என்று சொன்னாளே, அதுவும் என் முகம் பெரிய முகம் என்று விட்டுவிட்டேன். வவுனியாவில் படிக்கும் மகள் வீட்டில் இருந்திருந்தால் போனைப் பிடித்து அந்த டொச்சு எழுத்தை வாசித்துச் சொல்லியிருப்பாள். அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா செத்த வீட்டில் அம்மா முகத்துக்குக் கிரீம் பூசுகிறாள் என்று பிள்ளை நினைக்கக்கூடாது.

வெயில்தான் பெரிய கரைச்சல். ஒட்டுசுட்டான் பக்கத்தில் வெயில் படாமல் பெண் ஒருத்தி எப்படி வயல் பார்ப்பது? வெயில் கிரீம் வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனது. அதனால் அவருடைய நீளக்கைச் சேர்ட்டைப் போட்டு, அவருடைய அகலத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். சேர்ட் என்னமோ எல்லாப் பெண்களும் வயலுக்குப் போடுவதுதான். தொப்பி அவர் தண்ணீர் மாறப் போகும்போது போடுவது. விழுந்த அன்று விடியற்புறம் என்பதால் வீட்டில் விட்டுப் போயிருந்தார். உள்ளே அவருடைய வியர்வை மணம் இருந்தது. எனக்கு அது ஒரு தொப்பியின் மணமாகத்தான் பட்டது.

மூன்றாம் கிழமை எரியத் தொடங்கியது. முதலில் மூக்கின் இரண்டு பக்கமும், பிறகு கன்னம். பூசிக் கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று வரும். நான் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து அந்த எரிவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. ஏதோ ஒன்று என் மேல் நடக்கிறது, அது எனக்குத் தெரிகிறது என்று இருந்தது. மச்சாள் ஒவ்வொரு கிழமையும் கேட்டாள்.

"எரியுதோ மச்சாள்?"

"இல்லை, எரியேல்லை."

எரிகிறது என்று சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும்.

பங்குனி பிறக்க முகம் உரியத் தொடங்கியது. வாயைச் சுற்றியும் மூக்கடியிலும் பொருக்கு. கன்னம் இரண்டும் செக்கச் சிவப்பு. நான் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லைத்தான், ஆனால் அவ்வளவு கிரீம் இருக்கும்போது அது தானாகக் கண்ணுக்குக் கிட்டப் போய்விடுகிறது. காலையில் எழும்பினால் கண்மடல் இரண்டும் வீங்கியிருக்கும். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அடுத்த நாள் கூடுதலாக இருக்கும்.

அப்படியொரு சனிக்கிழமை காலையில்தான் முன்வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். முற்றத்துக் கொடியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். திரும்பவும் முகத்தைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"இப்பதானோடி உனக்கு வருது?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்ன வருகிறது என்று கேட்க வாய் திறப்பதற்குள் கட்டிப்பிடித்து அழத் தொடங்கிவிட்டார். "அண்டைக்கு அழாமல் உள்ளுக்கை வைச்சிருந்து, இப்ப ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்து அழுறாய். அவற்ர தொப்பியைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போறாயெண்டு சொல்லிச்சினம், நான் நம்பேல்லை. நான் பாவி, உன்னைக் கல்லு எண்டு கதைச்ச வாய் இது."

அக்கா, இது கிரீம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் புருசன் செத்து வருடமாகாதவள் முகத்துக்குக் கிரீம் பூசுகிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததையும் அவர் அழுகை என்றே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் மாறிவிட்டது. கிணற்றடியில் முன்பு என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தியவர்கள் இப்போது இடம் விட்டுத் தந்தார்கள். ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் மகனை அனுப்பி வேலி அடைத்துத் தந்தார். வைகாசியில் எல்லோரும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனார்கள். ஆட்டத்திவசம் முடியாத வீடு என்பதால் நான் போகவில்லை. முன்வீட்டு அக்கா அங்கிருந்து திருநீறு கொண்டுவந்து, தன் கையாலேயே என் நெற்றியிலும் கன்னத்திலும் பூசினார். உரிந்த தோலில் அது சுட்டது. நான் முகத்தைச் சுளித்தேன்.

"அழு, அழு," என்றார். "அம்மாளாச்சி பாத்துக்கொண்டுதான் இருக்கிறா."

அம்மாளாச்சி பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை அவருக்குத் தெரிந்திருக்கும். அன்று எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. முதல் நான் அழாதவளாக மட்டும் இருந்தேன். இப்போது அழாமலே அழுதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். பலாப்பழத்தை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, முழுவதையும் சாப்பிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் மச்சாள் போனில் அழுதுகொண்டு சொன்னாள், விசா அலுவல் சரிவந்துவிட்டதாம், ஆட்டத்திவசத்துக்கு வருகிறாளாம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறாள். நான் சந்தோசம் என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினிக் குந்தில், அந்தச் சின்னத் திண்ணையில், போய் இருந்தேன். ஊரை ஏமாற்றலாம். அவளை எப்படி ஏமாற்றுவது? இந்தச் சிவப்பு எந்தச் சிவப்பு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். தன்னுடைய அண்ணனுக்கு இந்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழவில்லை என்று அவள் கண்டுகொள்வாள். அதற்குப் பிறகு அவள் என்னை மச்சாள் என்று கூப்பிடுவாளா? அவர் பக்கத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

அழப் பழகலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு நாள் பகல் கதவைச் சாத்திவிட்டு, செத்தவீட்டு வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்தேன். அவர் கிடந்தார். மகள் கத்தினாள். எனக்குத் தொண்டையில் ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். பிறகு என் முகம் வந்தது. கமரா அதிலேயே நின்றது, நிமிடக் கணக்கில் நின்றது. வெயிலில் கறுத்து, திட்டுத் திட்டாக மங்கு படிந்த ஒரு முகம். யாரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண் போல இருந்தது. நான் போனை மூடிவிட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன்.

திவசம் வெள்ளிக்கிழமை. மச்சாள் புதன்கிழமை காலையில் வந்து இறங்குவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை வீடு கழுவி, பாத்திரம் இறக்கி, ஆட்கள் வந்துபோய் என்று ஒரே அமளி. அன்றைக்குக் கிரீம் பூசவில்லை. ஐந்து மாதத்தில் நான் தவறவிட்ட முதல் செவ்வாய் அது. படுக்கப் போகும் முன் கடலை மட்டும் ஊறப்போட்டேன். அண்ணனைப் போலவே தங்கைக்கும் தேத்தண்ணியோடு கடலை இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையிலேயே பெண்கள் எங்கள் முற்றத்தில் கூடிவிட்டார்கள். செத்தவீட்டுக்கு வர முடியாமல் போனவர் முதல்முறையாக வந்து இறங்கும்போது எங்கள் பக்கத்தில் திரும்பவும் ஒரு சின்னச் செத்தவீடு நடக்கும். அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். வான் வந்து நின்றது. மச்சாள் இறங்கினாள். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தாள், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். படலையடியிலேயே "அண்ணா" என்று பெரிய குரலில் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவளுடைய பை சேற்றில் கிடக்கிறது, யாராவது எடுத்தால் நல்லது என்று நினைத்தேன்.

முன்வீட்டு அக்கா முன்னுக்கு வந்தார். "பிள்ளை, உன்ர மச்சாளைப் பார். ஒரு வருசமா அழுது அழுது முகத்தோலே உரிஞ்சு போச்சு. நாங்கள் எல்லாரும் சாட்சி."

மச்சாள் என்னை விட்டு ஓரடி விலகி நின்று பார்த்தாள். நெற்றியில் இருந்து தாடை வரைக்கும் பார்த்தாள். மூக்கடிப் பொருக்கில் அவளுடைய கண் நின்றது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஓம் அக்கா," என்றாள். "வடிவாத் தெரியுது."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மகள் பஸ்ஸில் இன்னும் வந்து சேரவில்லை. நான் குசினியில் கடலையை அவிக்க எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் வந்து குந்தில் இருந்தாள்.

"எவ்வளவு பூசினனீங்கள்?"

"நீங்கள் சொன்னதுதான். கடலை அளவு."

"என்ன கடலை?"

நான் சட்டிக்குள் கை விட்டு, நன்றாக ஊறிப் பொருமியிருந்த கடலை ஒன்றை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயோ மச்சாள்! நான் சொன்னது பட்டாணியை எல்லோ! அந்தப் பச்சைப் பட்டாணிக் கடலை. அதுவும் சின்னன். இவ்வளவையும் அங்க ஒரு குடும்பம் பூசும்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திவச வீட்டில் சிரிப்புக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நான் கதவைப் பார்த்தேன். அவள் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"எரியேல்லை எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"எரிஞ்சது."

"பிறகேன் சொல்லேல்லை?"

இனி மறைக்க ஒன்றும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மச்சாள், நான் இன்னும் அழேல்லை. செத்தவீட்டிலயும் அழேல்லை, அதுக்குப் பிறகும் அழேல்லை. முகத்தைப் பாத்துச் சனம் அழுறன் எண்டு நினைச்சுது, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அவற்ர தொப்பியையும் வெயிலுக்குத்தான் போட்டனான். நீங்கள் வரேக்கயும் எனக்கு வரேல்லை. என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

அவள் அந்தக் கடலையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் மச்சாள்," என்றாள். "அண்டைக்கே தெரியும். அண்ணான்ர முகத்தைக் காட்டேக்க எல்லாம் நான் போனைக் கவிட்டு வைச்சிட்டன். பாக்க ஏலாமல் கிடந்தது. உங்களைக் காட்டேக்க மட்டும்தான் பாத்தனான். நீங்கள் ஆடாமல் அசையாமல் இருந்தீங்கள், அந்தாளும் கமராவை எடுக்கேல்லை. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. உங்கட முகத்தில இருந்த மங்கை எண்ணிக்கொண்டிருந்தனான். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் நாலு. திரும்பத் திரும்ப அதைத்தான் எண்ணினனான்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அடுத்த நாள் வேலைக்குப் போற வழியில அந்தக் கிரீமை வாங்கினனான். ஏழு மாசம் அலுமாரிக்க வைச்சிருந்தனான், என்னத்தைச் சொல்லி அனுப்புறதெண்டு தெரியாமல். மாசம் மாசம் அண்ணாவுக்கு எண்டு ஏதாவது ஒண்டு வாங்கி வைக்கிற பழக்கம் எனக்கு. இனி அவருக்கு ஒண்டும் வாங்க ஏலாதுதானே மச்சாள்."

நசுங்கிய மூலையும் பழுத்த அட்டையும் எனக்கு நினைவுக்கு வந்தன. நான் அதைச் சீலைகளுக்குக் கீழே எறிந்து வைத்ததும் நினைவுக்கு வந்தது.

அவள் எழும்பி வந்து என் தாடையைப் பிடித்து முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "ஒண்டு. ரெண்டு. மூண்டு. இது முந்திப் பெரிசா இருந்தது. நாலு. இந்தப் பக்கம் நாலுதான் மச்சாள். மூண்டு போயிட்டுது." அவளுடைய விரல் அவருடையதைப் போலவே நுனி தட்டையாக இருந்தது. அதை நான் முன்பு ஒரு நாளும் கவனித்திருக்கவில்லை.

வலது கன்னம் எரியத் தொடங்கியது. பிறகு இடது. மூக்கடியில், உரிந்த இடத்தில், சுள்ளென்று பிடித்து வாய் ஓரம் வரைக்கும் இறங்கியது. கிரீம்தான் என்று நினைத்து, முகம் கழுவத் தண்ணீர் எடுக்க எழும்பினேன்.

அன்று புதன்கிழமை. நான் முகத்தில் ஒன்றும் பூசியிருக்கவில்லை.